டெக் போடப் போறீங்களா? பலகைய கடைசியா பாருங்க

எங்க வீட்டுப் பின்னாடி ஒரு டெக் இருக்கு, அத நாங்க ரெண்டு தடவ கட்டினோம். முதல்ல கட்டினது ரெண்டு மழைக்காலம் தாங்கல. ரெண்டாவதா கட்டினது இப்ப வரைக்கும் ஆடாம நிக்குது. வேலூர் சத்துவாச்சாரில நம்ம வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அத பாத்ததும் கேக்குற முதல் கேள்வி "இது என்ன மரம்பா?" தான், குனிஞ்சு அடியில என்ன இருக்குன்னு பாத்தவங்க இதுவரைக்கும் ரெண்டே பேரு, ஒருத்தர் எங்க ஆசாரி, இன்னொருத்தர் தண்ணி டேங்க் கழுவ வந்தவரு. நானும் முதல் தடவ அந்த "என்ன மரம்" கேள்வியில தான் ஆரம்பிச்சேன், அதனால தான் ரெண்டு தடவ செலவு. புதுசா போடணும்னு நினைக்கிறவங்களுக்காக, ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுகினு முதல்ல இருந்து சொல்றேன்.

டெக்னா என்ன? திண்ணை மாதிரி தானேன்னு எங்க அம்மா கேட்டாங்க. இல்ல. திண்ணை உள்ள மண்ணும் கல்லும் ரொப்பி மேல பூசினது, தண்ணி ஊத்தினா ஓரமா வழிஞ்சு ஓடும். டெக் உள்ள காலி, மேல பலகைக்கும் பலகைக்கும் நடுவுல சந்து விட்டிருப்பாங்க, ஊத்துற தண்ணி அந்த சந்து வழியா கீழ இறங்கிடும். கொல்லையில மல்லாட்ட காவலுக்கு பரண் கட்டுவாங்களே, அத வீட்டோட கொண்டாந்து வெச்ச மாதிரி. இன்னும் சரியா புரியணும்னா பழைய ஓட்டு வீட்டுக் கூரைய நினைச்சுக்கோங்க. உத்திரம், உத்திரத்து மேல கைமரம், கைமரத்து மேல குறுக்கால ரீப்பர், அதுக்கு மேல ஓடு. அந்தக் கூரைய சாய்வு இல்லாம படுக்க வெச்சு, தரையில இருந்து ரெண்டு அடி தூக்கி நிறுத்தி, ரீப்பரையும் ஓட்டையும் எடுத்துட்டு பலகை அடிச்சீங்கன்னா டெக் முடிஞ்சுது. நெட்டுல பாத்தா போஸ்ட், பீம், ஜாய்ஸ்ட், போர்டுன்னு போட்டிருப்பாங்க. போஸ்ட்னா தூண், பீம்னா உத்திரம், ஜாய்ஸ்ட்னா கைமரம், போர்டுன்னா பலகை, அவ்ளோ தான். நம்ம தாத்தா காலத்து ஆசாரிங்களுக்கு இது புது வேலையே கிடையாது.

இப்ப ஒரு விஷயம். கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டச் சுத்தி வாங்க, எந்தப் பக்கம் போடப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. வேலூர வெயிலூர்னு கிண்டல் பண்றது சும்மா இல்ல, கத்திரி வெயில்ல இங்க 40 டிகிரி தாண்டுறது ஒரு செய்தியே கிடையாது. அதனால டெக்க எப்ப யூஸ் பண்ணப் போறீங்கங்கிறது தான் முதல் கேள்வி. காலைல காபிக்கா, இல்ல சாயந்திரம் ஆறு மணிக்கு மேல காத்து வாங்கவா, மத்தியானம் யாரும் உக்காரப் போறதில்ல அது உறுதி.

எங்க முதல் டெக்க மேற்கால போட்டோம். அந்தப் பக்கம் எடம் சும்மா கெடந்துச்சு, அவ்ளோ தான் காரணம். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல புடிக்கிற வெயில் பொழுது சாயுற வரைக்கும் அதே எடத்துல தான் அடிக்குது, பலகையும் காயுது, பின்னாடி இருக்கிற சுவரும் காயுது, சூரியன் போனப்புறமும் அந்தச் சுவரு ராத்திரி எட்டரை வரைக்கும் அடுப்பு மாதிரி அனல் வுட்டுகினே இருக்கும். சாயந்திரம் உக்காரலாம்னு கட்டின டெக்குல சாயந்திரம் உக்கார முடியல.

ரெண்டாவது தடவ கெழக்கால போட்டோம். காலைல வெயில் படும், ஆனா மத்தியானத்துக்கு மேல வீட்டோட நிழலே டெக் மேல விழ ஆரம்பிச்சிடும். கோடையில மூணு மணி மூணேகாலுக்கு சூரியன் 45 டிகிரிக்கு இறங்கிடும், 45 டிகிரில சுவரோட உயரம் எவ்ளோவோ நிழலும் அவ்ளோ. எங்க சுவரு 11 அடி, டெக்கோட அகலம் 10 அடி, அப்ப மூணேகாலுக்கு டெக் முழுசா நிழலுக்குள்ள வந்திடுது, ஆறு மணிக்குள்ள ஆறியும் போயிடுது. செலவே இல்லாத ஏசி.

வடக்கு பக்கம் எப்பவும் குளுமையா இருக்கும்னு வீடு கட்டுற வீடியோவுல எல்லாம் சொல்றாங்க, அது டெல்லிக்காரங்களுக்கு சரி. நம்ம ஊரு கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. ஏப்ரல் கடைசி வாரத்துல ஒரு நாள் மத்தியானம் சூரியன் நேரா உச்சி மண்டைக்கு வந்து, நட்டு வெச்ச கம்பத்துக்கு நிழலே இல்லாம போகும். அதுக்கப்புறம் ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் மத்தியான சூரியன் உச்சிக்கு வடக்கால தான் நிக்கும். அதாவது கத்திரி முழுக்க உங்க வடக்கு பக்கத்துக்கு வீட்டு நிழல் கெடையாது, சாயந்திர சூரியனும் வடமேற்கால தான் இறங்கும். டிசம்பர்ல வடக்கு பக்கம் நல்லா நிழலா இருக்கும் தான், ஆனா டிசம்பர்ல நமக்கு எதுக்கு நிழல்?

எடம் முடிவு பண்ணிட்டா உடனே மேஸ்திரிய கூப்பிட வேணாம். சுண்ணாம்புல கோடு போட்டு, அதுக்குள்ள ரெண்டு பிளாஸ்டிக் சேரும் ஒரு கயித்துக் கட்டிலும் போட்டு ஒரு வாரம் இருந்து பாருங்க. சைஸ் அப்ப தானா தெரிஞ்சிடும். நாலு பேரு டேபிள் போட்டு உக்காரணும்னா 10க்கு 10 இருந்தா தான் முடியும், ஏன்னா சேர பின்னாடி தள்ளி எழுந்திரிக்க டேபிளுக்கு பின்னாடி 3 அடி வேணும், இத யாருமே கணக்குல வெக்கிறதில்ல. நாங்க 10க்கு 12 போட்டோம். கட்டில் போட்டா எங்க அப்பாவுக்கு ஃபுல், அது வேற கதை.

சரி, அடிப்பக்கம். இது தான் இந்தக் கட்டுரையே.

முதல் டெக்க போட்டுக் குடுத்தவரு தேக்குத் தூண நேரா மண்ணுல ரெண்டு அடி குழி தோண்டி நட்டாரு, சுத்தி கொஞ்சம் கான்கிரீட் கொட்டினாரு. பாக்க கெட்டியா இருந்துச்சு. கீழ தரை பள்ளமா இருந்தத யாரும் பாக்கல. 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, அந்த மழையில டெக்குக்கு அடியில தண்ணி நின்னுச்சு, நாலஞ்சு நாள் இறங்கவே இல்ல. மேல பலகையெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. பொங்கலுக்கு சுத்தம் பண்றப்ப அப்பா ஒரு தூணு கிட்ட பெயின்ட் லேசா உப்பின மாதிரி இருக்கேன்னு ஸ்க்ரூ டிரைவரால தட்டினாரு, தட்டின எடத்துல டிரைவரு கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. அதிரசத்துல விரல வுட்ட மாதிரி. வெளிய பெயின்ட் தோலு மட்டும் அப்படியே நிக்குது, உள்ள மரமே இல்ல, ஈர மண்ணும் கரையானும் தான். அதுல இருந்து உத்திரத்துக்கு ஏறி, உத்திரத்துல இருந்து மூணு பலகைக்கும் போயிருந்துச்சு.

அப்புறம் குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு வயசான ஆசாரி வந்து பாத்தாரு. பிரிச்சுப் போட்ட தூணோட வெட்டு முனைய ரம்பத்தால ஒரு இஞ்ச் புதுசா அறுத்து, எச்சில் தொட்டு தடவிக் காட்டினாரு. நடுவுல எண்ணெய் பசையா பழுப்பா ஒரு வட்டம், அத சுத்தி வெளுப்பா ஒரு வளையம். "பாருங்க சார், உள்ள இருக்கிறது வைரம், சுத்தி இருக்கிறது வெள்ளை. கரையானுக்கு இது கல்லு, அது சோறு. உங்களுக்கு பாதிக்கு மேல சோறு தான் குடுத்திருக்காங்க, கலர் அடிச்சு." தேக்குன்னா கரையான் தொடாதுன்னு நாம நம்புறது வைரத்துக்கு மட்டும் தான் உண்மை. வெள்ளைப் பகுதி தேக்கா இருந்தாலும் மத்த மரம் மாதிரி தான், கரையான் வரும், உளுத்தும் போகும். சின்ன வயசுலயே வெட்டின தோட்டத்து தேக்குல வைரம் கம்மி, வெள்ளை ஜாஸ்தி. அதனால மரவாடிக்குப் போனா பலகையோட முகத்த பாக்காதீங்க, முனைய பாருங்க, பாலிஷ் போட்ட மரமோ கலர் தடவின மரமோ வாங்கவே வாங்காதீங்க, எதுவும் தடவாம அறுத்தபடியே இருக்கிறத வாங்கி நீங்க கலர் பண்ணிக்கோங்க.

ரெண்டாவது தடவ அடிய எப்படி போட்டோம்னு சொல்றேன். முதல்ல டெக் வர்ற எடம் முழுக்க தரைய வெட்டி, வீட்ட விட்டு வெளிய பாத்து தண்ணி வாட்டம் குடுத்தோம், 100 அடிக்கு 1 அடி கணக்கு, அதாவது 10 அடிக்கு சுமார் ஒண்ணேகால் இஞ்ச் சரிவு. மேஸ்திரி ட்யூப்ல தண்ணி ரொப்பி மட்டம் புடிச்சாரு. மேல கொஞ்சம் ஜல்லி பரப்பி வெச்சோம், புல்லு மொளைக்காம இருக்க. தூணுக்கு ரெண்டு அடி ஆழத்துல கான்கிரீட் அடி, அது தரைக்கு மேல 4 இஞ்ச் எழும்பி நிக்கும், அந்த கான்கிரீட் மேல இரும்பு தகட்டுல தான் தூண் உக்காந்திருக்கு, மரமோ இரும்போ மண்ணத் தொடல. கான்கிரீட் இருந்தா கரையான் ஏறாதான்னு கேட்டா ஏறும், ஆனா வெளிப்பக்கமா மண்ணால குழாய் கட்டிகினு தான் ஏறணும், அது கண்ணுக்குத் தெரியும், தட்டி வுட்டுட்டு மருந்து போடலாம். மண்ணுக்குள்ளயே மரம் இருந்தா அது வர்றதே நமக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்ளோ தான், ஆனா அதுல தான் டெக்கே நிக்குது.

இன்னொண்ணு, டெக்க வீட்டுச் சுவரோட போல்ட் போட்டு இறுக்குறது வெளிநாட்டு வீடியோவுல எல்லாம் காட்டுவாங்க. அவங்க வீடு மர வீடு. நம்ம செங்கல் சுவத்துல பூச்ச ஒடைச்சு போல்ட் ஏத்தினா அந்த ஓட்டை வழியா தண்ணி சுவத்துக்குள்ள போகும். தனியா தன் கால்ல நிக்கிற மாதிரி கட்டிட்டு சுவருக்கும் டெக்குக்கும் நடுவுல ஒரு இஞ்ச் சந்து வுட்டுடுங்க. அதே மாதிரி வாசப்படி மட்டத்த விட டெக் ரெண்டு மூணு இஞ்சாவது கீழ இருக்கணும், இல்லன்னா ஐப்பசி மழையில ஹால் தான் டெக்.

உயரம் எவ்ளோ வெக்கலாம்? எங்க ஊர்ல மலை பக்கத்துலயே இருக்கு, பாம்பும் தேளும் வரும், இத மறைச்சு பேசி பிரயோஜனம் இல்ல. அதனால என் கணக்கு: ஒண்ணு, துடைப்பம் தாராளமா உள்ள போயி வர்ற உயரம், ஒன்றரை ரெண்டு அடி, பக்கத்துல அடைக்காம வெளிச்சம் போற மாதிரி. இல்லையா, கீழ சிமென்ட் தரை போட்டு அதுமேல ரெண்டு மூணு இஞ்ச்ல ஒட்டின மாதிரி, பலகைய கழட்டி மாட்டுற செட்டிங்ல. நடுத்தரமா முக்கால் அடியில வெச்சு நாலு பக்கமும் அழகுக்கு பலகை அடிச்சு மூடினீங்கன்னா எலிக்கு வீடு கட்டிக் குடுத்தாச்சு, எலி வந்தா அதுக்கப்புறம் என்ன வரும்னு நான் சொல்ல வேணாம்.

வெயிட் எவ்ளோ தாங்கணும்ங்கிறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. நம்ம நாட்டு கட்டட விதி ஐஎஸ் 875ல பால்கனி மாதிரி எடத்துக்கு சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன், நம்ம பாஷையில சதுர மீட்டருக்கு சுமார் 300 கிலோ. எங்க 120 சதுர அடி டெக் 11 சதுர மீட்டருக்கு கொஞ்சம் மேல, அப்ப மூணு டன்னுக்கு மேல தாங்குற மாதிரி அடி இருக்கணும். அவ்ளோ எதுக்குன்னு தோணும், காதுகுத்துக்கு முப்பது பேரு ஒண்ணா ஃபோட்டோவுக்கு நின்னப்ப எனக்குப் புரிஞ்சுது. மொட்டை மாடில போடுறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், மனுசங்க நடமாடுற மொட்டை மாடிக்கு அதே விதி எடுக்குறது 1.5 கிலோ நியூட்டன் தான், பாதி. மரம் வெயிட் இல்ல, தொட்டி தான் வெயிட். ஒரு கன அடி ஈர மண்ணு கிட்டத்தட்ட 50 கிலோ. நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரி வெக்கணும்னு வரிசையா இருபது பெரிய தொட்டி வெச்சா ஒரு டன். தொட்டிய ஓரமா, கீழ சுவரு வர்ற எடத்துல வெய்ங்க, நடுவுல வேணாம், நிறைய வெக்கிறதா இருந்தா இன்ஜினியர் கிட்ட ஒரு வார்த்தை.

உத்திரமும் கைமரமும் மரத்துல தான் இருக்கணும்னு இல்ல. நாங்க இரும்பு சதுர பைப்ல போட்டோம், மரத்த விட இதுல தலைவலி கம்மி. ஆனா பைப் உள்ள இருந்து தான் துருப்புடிக்கும், வெளிய நாலு கோட்டிங் பெயின்ட் அடிச்சிட்டு முனைய தொறந்து வுட்டா பிரயோஜனம் இல்ல, எல்லா முனையும் தகடு வெச்சு வெல்டிங் பண்ணி அடைக்கணும், வெல்டிங் வெச்ச எடத்த தேய்ச்சு பிரைமர் அடிக்கணும். காசு இருந்தா ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசின பைப். கைமர இடைவெளி, ஒரு இஞ்ச் கனத்துக்கு நல்ல மரப் பலகைன்னா 16 இஞ்ச், டபிள்யூபிசின்னு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வர்ற பலகைன்னா 12 இஞ்ச். இது முக்கியம், ஏன்னா பலகை என்னன்னு முடிவு பண்ணாம அடிச்சட்டத்த போட்டுட்டு அப்புறம் டபிள்யூபிசிக்கு மாறினா நடக்கும்போது பலகை தொய்யும். பலகைய கடைசியா பாருங்கன்னு சொன்னேன்ல, கடைசியா பாருங்க, ஆனா வெல்டிங்காரர் வர்றதுக்கு முன்னாடி பாத்துடுங்க.

இப்ப பலகை. மரத்துல பணம் இருந்தா தேக்கு வைரம், அடுத்து வேங்கை. வேப்ப மரம் கசப்புக்கு பூச்சி கம்மியா வரும், ஆனா நீளமா நேரா பலகை கெடைக்கிறது கஷ்டம், நல்லா காய வெக்கலன்னா முறுக்கிக்கும். எந்த மரமா இருந்தாலும் காய்ஞ்ச மரமான்னு பாருங்க. ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம் நிழல்ல காயணும்னு பழைய கணக்கு, நேத்து அறுத்த மரத்த ஏப்ரல்ல இங்க அடிச்சா மே மாசம் முறுக்கி ஸ்க்ரூவ புடுங்கிகினு எழும்பும்.

மரவாடில கன அடி கணக்குல தான் பேசுவாங்க, முழிக்காதீங்க. நீளம் அடியில, அகலமும் கனமும் இஞ்ச்ல, மூணையும் பெருக்கி 144ஆல வகுத்தா கன அடி. 10 அடி நீளம், 4 இஞ்ச் அகலம், 1 இஞ்ச் கனம்னா 40 வகுத்தல் 144, அதாவது 0.28 கன அடி. மொத்தமா பாக்கணும்னா 120 சதுர அடிய ஒரு இஞ்ச் கனத்துல மூடினா 10 கன அடி, வெட்டு வேஸ்ட்டுக்கு ஒண்ணு சேத்து 11. ஒண்ணு கேட்டுக்கோங்க, சொல்ற கனம் இழைப்புக்கு முன்னாடியா பின்னாடியான்னு. ஒரு இஞ்ச்னு காசு குடுத்து, இழைச்சப்புறம் முக்கால் இஞ்ச் பலகை வீட்டுக்கு வந்த அனுபவம் எனக்கு இருக்கு.

சீப்பா பைன் மரம் கெடைக்குது, ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் கம்பெனிங்க கழிச்சுப் போடுற பேலட் மரம், அதாவது சரக்கு அடுக்குற மரச்சட்டம், இன்னும் சீப். அதுல எச்டின்னு (HT) சூடு போட்டு முத்திரை இருக்கும், இது ட்ரீட்மென்ட் பண்ண மரம் கரையான் வராதுன்னு விக்கிறவங்க சொல்லுவாங்க. எச்டின்னா மரத்தோட உள்பக்கம் வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏத்தினதுன்னு அர்த்தம், கப்பல்ல ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகாம இருக்கப் பண்றது. அன்னிக்கு உள்ள இருந்த பூச்சி செத்துச்சு, அவ்ளோ தான். நாளைக்கு வர்ற கரையானுக்கு அது தடையே இல்ல. எம்பின்னு (MB) முத்திரை இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, அத வீட்டுப் பக்கமே கொண்டு வராதீங்க. பேலட் மரத்துல புத்தக ஷெல்ஃப் பண்ணலாம், மழையில நனையுற டெக் வேணாம்.

தெர்மோ வுட்னு ஒண்ணு வருது, பைன் ஆஷ் மாதிரி மரத்த 200 டிகிரி சுமாருக்கு சுட்டு எடுக்குறது, மருந்து கெடையாது. தண்ணி குடிக்கிறது கொறையும், உப்புறது சுருங்குறது கொறையும், உளுத்துப் போறதும் கொறையும். ஆனா கரையானுக்கு இத மட்டும் நம்ப முடியாது, மரமும் கொஞ்சம் நொறுங்கல் தன்மைக்கு வந்திடும், ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடி ஓட்டை போட்டே ஆகணும்.

டபிள்யூபிசி. இங்க தான் நிறைய பேரு ஏமாறாங்க, யாரும் ஏமாத்தாமலே. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது டபிள்யூபிசி. ஆனா நம்ம கடைகள்ல டபிள்யூபிசின்னு கேட்டா முதல்ல எடுத்துக் குடுக்குறது கதவுக்கும் நிலைக்கும் கிச்சன் கப்போர்டுக்கும் போடுற பிவிசி ஃபோம் போர்டு, லேசா இருக்கும், நகத்தால அழுத்தினா பதியும். அது வெயில்ல நடக்குற எடத்துக்கு ஆகாது. நீங்க கேக்க வேண்டியது வெளிப்புற டெக்கிங் பலகை, பெரும்பாலும் எச்டிபிஇங்கிற பிளாஸ்டிக் கலந்தது, கையில எடுத்தா கனம் தெரியும், மேல ஒரு பிளாஸ்டிக் தோலு போட்டு வர்றது இன்னும் நல்லது, கறை புடிக்காது. கரையான் தொந்தரவு இல்ல, எண்ணெய் பூச வேணாம். குறை ரெண்டு. வெயில்ல நீளும், 3 மீட்டர் பலகை ராத்திரி குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவுல 40 டிகிரி மாறினா கிட்டத்தட்ட 5 எம்எம் நீளும். முனைக்கு முனை ஒட்டிப் போட்டீங்கன்னா மத்தியானம் ரெண்டு பலகையும் முட்டிகினு நடுவுல கூடாரம் மாதிரி எழும்பும், அதனால முனையில 6 எம்எம் சந்து. ரெண்டாவது குறை, சுடும்.

எவ்ளோ சுடும்னு நாங்க ஒரு வேலை பண்ணோம். வாங்குறதுக்கு முன்னாடி கடைங்கள்ல ஒரு ஒரு துண்டு சாம்பிள் கேட்டு வாங்கி, தேக்கு, கருப்பு டபிள்யூபிசி, வெளுத்த கலர் டபிள்யூபிசி, பாலிஷ் பண்ண கடப்பா கல்லு, தட்டோடு, எல்லாத்தையும் மே மாசம் மாடியில வரிசையா வெச்சோம். மத்தியானம் ரெண்டு மணிக்கு வெறுங்காலோட போயி நின்னு பாத்தோம். கடப்பா கல்லுல அம்மா கால வெச்ச வேகத்துல எடுத்துட்டாங்க, கருப்பு டபிள்யூபிசியும் அப்படி தான், ஒரு செகண்ட் கூட நிக்க முடியல. வெளுத்த டபிள்யூபிசில ரெண்டு மூணு எண்ணலாம். தேக்கும் சுட்டுச்சு, ஆனா நிக்க முடிஞ்சுது. கல்லும் தேக்கும் ஒரே வெயில்ல தான் இருக்கு, கல்லு ஏன் அவ்ளோ சுடுதுன்னா கல்லு தன் உள்ள இருக்கிற சூட்ட கடகடன்னு காலுக்குக் கடத்தும், மரம் மெதுவா தான் கடத்தும், அதுக்குள்ள கால எடுத்துடலாம். கருப்பு கலர் எதுவா இருந்தாலும் வெயில குடிக்கும். ஷோரூம்ல ஏசில பாத்தா கருப்பு தான் சூப்பரா இருக்கும், நம்ம ஊருக்கு வெளுத்த கலர். நாங்க தேக்கு வைரத்துல நடக்குற எடம், ஓரத்துல தொட்டி வெக்கிற வரிசைக்கு மட்டும் வெளுத்த டபிள்யூபிசின்னு கலந்து போட்டோம், பாக்க ஜோடியா இல்லன்னு மாமா சொன்னாரு, அவரு வீட்டுல அவரு மாத்திக்கட்டும்.

கல்லே வேணும்னா பாலிஷ் இல்லாத சொரசொரப்பான கருங்கல், மழையில வழுக்காது. வேலூர் கோட்டையே கருங்கல்லுல தான் நானூறு வருஷத்துக்கு மேல நிக்குது, ஆனா அங்க யாரும் மே மாசம் செருப்பில்லாம நடக்கல.

ஸ்க்ரூ விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டா மழையில துருப்புடிச்சு தேக்குல சுத்தி கருப்பா மை வடிஞ்ச மாதிரி கறை வரும், போகாது. எஸ்எஸ் 304ன்னு வர்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போதும், கடற்கரை ஊருக்கு தான் 316 வேணும். ஆணி வேணவே வேணாம், மரம் விரிஞ்சு சுருங்கும்போது ஆணி மேல வந்துரும், புள்ளைங்க கால்ல குத்தும். பலகைக்கு நடுவுல சந்து ஒரே அளவா வர எங்க ஆசாரி 6 எம்எம் கம்பித் துண்டு நாலஞ்சு வெட்டி வெச்சுகினாரு, பலகைய வெச்சு நடுவுல கம்பி, அடுத்த பலகை, ஸ்க்ரூ, கம்பிய உருவிக்கோ, அப்படியே போயிகினே இருந்தாரு, அளவு டேப்ப எடுக்கவே இல்ல. கோடு கோடா காடி போட்ட பக்கம் மேல வந்தா வழுக்காதுன்னு சொல்லுவாங்க, நம்ம ஊரு தூசிக்கு அந்தக் காடியில மண்ணு அடைஞ்சு, மழை பெய்ஞ்சா பாசி புடிச்சு அதுவே வழுக்கும். வழவழப்பான பக்கம் மேல போட்டு ஒழுங்கா பெருக்கினா போதும்.

படியும் கைப்பிடியும் சீக்கிரமா சொல்லிடுறேன். படி உயரம் 6 இஞ்ச்ல இருந்து 7, மிதிக்கிற அகலம் 10க்கு கொறையாம, எல்லாப் படியும் ஒரே உயரம், கடைசிப் படி மட்டும் ஒரு இஞ்ச் கொறைஞ்சாலும் ராத்திரில தடுக்கும். ரெண்டு அடிக்கு மேல உயரம்னா கைப்பிடி வெய்ங்க, மூணரை அடி உயரம், கம்பி நெட்டுக்குத்தா இருக்கட்டும், படுக்கையா வெச்சா சின்னப் புள்ளைங்களுக்கு அது ஏணி. கம்பிக்குக் கம்பி 4 இஞ்ச்சுக்கு கம்மி, தலை நுழையக் கூடாது.

மேல நிழலுக்கு தகர ஷீட் போடாதீங்க, சீக்கிரம் முடியும்னு போட்டா அதுவே மேல இருந்து அனல் கொட்டும். தென்னங்கீத்து பந்தல் மாதிரி ஒண்ணு இல்ல, வருஷா வருஷம் மாத்தணும் அது ஒண்ணு தான். இல்லன்னா பச்சை ஷேட் நெட், இல்லன்னா கம்பி கட்டி முல்லையோ பீர்க்கங்கொடியோ ஏத்துங்க, பீர்க்கங்காயும் கெடைக்கும்.

மரம் போட்டவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு வேலை இருக்கு. தேக்க சும்மா வுட்டா வெயில்ல ஒரே வருஷத்துல சாம்பல் கலருக்கு போயிடும், மரம் கெட்டுப் போயிடுச்சுன்னு பயப்பட வேணாம், மேல்தோலு மட்டும் தான் வெளுக்குது. அந்தக் கலர் புடிச்சா அப்படியே வுடுங்க. புடிக்கலன்னா எண்ணெய். வார்னிஷ் வேணாம், அது மேல ஒரு படலமா நின்னு வெயில்ல வெடிச்சு உரியும், அப்புறம் மொத்தத்தையும் தேய்ச்சு எடுக்கணும். பொங்கல் முடிஞ்சு தை மாசி நல்ல நேரம், மழையும் இல்ல வெயிலும் இன்னும் ஏறல. போகிக்கு வீட்டக் கழுவும்போதே டெக்கயும் கழுவி, ரெண்டு நாள் காய வுட்டு, ஆளி விதை எண்ணெயோ கடையில விக்கிற தேக்கு எண்ணெயோ துணியால தேய்ச்சு, மீதி எண்ணெய அரை மணி நேரத்துல தொடைச்சு எடுத்துடுங்க. அந்தத் துணி ரொம்ப முக்கியம். ஆளி விதை எண்ணெய் காயும்போது தானா சூடாகும், நனைஞ்ச துணிய சுருட்டி மூலையில போட்டீங்கன்னா நெருப்பே வெக்காம பத்திக்கும், வேலூர் வெயில்ல கேக்கவே வேணாம். விரிச்சு கொடியில காயப் போடுங்க, இல்ல தண்ணி பக்கெட்டுல முக்கி வெய்ங்க.

அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவ டார்ச்ச எடுத்துகினு அடியில பாக்கணும், நாலு தூணு, நாலு கான்கிரீட் அடி, மண் குழாய் ஏதாவது ஏறியிருக்கான்னு. எங்க வீட்டுல இந்த வேலை அம்மாவோடது. போன மாசம் அந்தாண்ட ஓரத் தூணுல விரல் நீளத்துக்கு ஒண்ணு ஏற ஆரம்பிச்சிருந்துச்சாம், துடைப்பக் கட்டையால தட்டி வுட்டுட்டு, மருந்து அடிச்சிட்டு, சாயந்திரம் டீ குடிக்கிறப்ப தான் எங்க கிட்ட சொன்னாங்க.